வியாழனுக்குக் கதவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

அறுபத்து நான்கு வயதில் என்னை வியாழன் கிரகத்துக்குள் இறக்கப் போகிறார்களாம்.

புதுக்கோட்டைச் சாலையில் ஒரு தனியார் கல்லூரி கோளரங்கம் கட்டியிருக்கிறது. கவிழ்த்து வைத்த இட்லிக் குண்டான் மாதிரி ஒரு கட்டடம். உள்ளே சாய்ந்து படுத்துக்கொண்டு கூரையில் படம் பார்க்க வேண்டும். அதற்குத் தமிழில் பின்னணி பேச ஆள் தேவை. வானொலியில் முப்பத்தோரு வருஷம் செய்தி வாசித்த செண்பகாதேவி கே.கே. நகரில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எவரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

தேடி வந்தவள் டாக்டர் ஷைனி மேபல். நாகர்கோவில்காரி. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவள் இல்லை. வியாழன், சனி மாதிரி வாயுக் கோள்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. காலில் ஓட்டப்பந்தய ஷூ. வாக்கியத்துக்கு ஒருமுறை "பாத்துக்கிடுங்க" என்கிறாள். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

வசனத்தைப் புரட்டினேன். மேகத்தில் ஆரம்பித்து மையம்வரை ஒரே இறக்கம்.

"தரை எந்தப் பக்கத்துல வருது?" என்றேன்.

"தரை வராது மேடம். வியாழனுக்குத் தரையே கிடையாது. இறங்க இறங்க வாயு நெரிபட்டு நெரிபட்டுத் திரவம் மாதிரி ஆயிரும். எந்த இடத்துல மாறுச்சுன்னு கோடு போட முடியாது, பாத்துக்கிடுங்க."

பூமியைப் போல ஆயிரத்து முந்நூறு உருண்டைகளை உள்ளே போட்டு அடைக்கலாமாம். ஆனால் கால் ஊன்ற ஒரு சாண் இடமில்லையாம். அத்தனை பெரிய உடம்பும் காற்றும். இந்த ஊரில் அப்படிச் சிலரை எனக்கு நேரிலேயே தெரியும். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

இவரிடம் சொல்ல ஹாலுக்குப் போனேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டிச் சத்தம் கேட்டே காது மந்தமான மனிதர். டி.வி.யை அலறவிட்டுச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை கத்திய பிறகு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். இவரோடு முப்பத்தெட்டு வருஷம்.

தொண்டை கரகரக்கிறது. தை முடியப் போகிறது, பனி இன்னும் விடவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் நாள் ஒலிப்பதிவு. வியாழக்கிழமையில் வியாழனைத் தொடங்குகிறோம் என்று கல்லூரித் தலைவர் வந்து தேங்காய் உடைத்தார். விஞ்ஞானம் நன்றாக வளர்கிறது.

ஒலிப்பதிவாளர் பெயர் ரஹ்மத்துல்லா. பாலக்கரைக்காரர். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஆள். பேச்சு குறைவு என்பதால் இதுவரை அவர்மேல் புகார் இல்லை.

வழக்கம்போல் பென்சிலை எடுத்து வசனத்தில் கோடு போட்டேன். ஒற்றைச் சாய்கோடு அரை மூச்சு, இரட்டைச் சாய்கோடு முழு மூச்சு. நிலையத்தில் நான் சேர்ந்த புதிதில் போடக் கற்ற கோடுகள். அதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. ஒரு செய்தியை முடிக்கும்போது குரலை மெல்ல இறக்கித் தரையில் வைத்து மூட வேண்டும். மூடாமல் அடுத்த செய்தியைத் திறக்கக் கூடாது. வெள்ளத்தில் நூறு பேர் செத்த செய்தி என்றாலும் மூடிவிட்டுத்தான் கிரிக்கெட்டுக்குப் போக வேண்டும். கேட்பவர் அதில்தான் நிம்மதி அடைகிறார். இன்று எஃப்.எம்.மில் கத்துகிற கழுதைகளுக்கு இது தெரியாது.

மேல் மேகம் அம்மோனியாப் பனி. அதற்குக் கீழே நீர் மேகம், பூமியில் காணாத மின்னல். ஒவ்வொன்றையும் திறந்தேன், படித்தேன், மூடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷைனியின் முகம் சுருங்கியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க ஒவ்வொரு அடுக்குக்கும் கதவு சாத்திட்டுப் போறீங்க. அங்க கதவே இல்ல. கேக்குறவங்களுக்கு ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு தொடங்குன மாதிரி இருக்கக் கூடாது."

எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள்! நான் படித்த செய்தியைக் கேட்டு இவளுடைய அப்பா வாட்ச் நேரம் சரிசெய்திருப்பார். "கதவு இல்லாத வீட்ல குடியிருக்க முடியாதும்மா" என்றேன். ரஹ்மத்துல்லா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர்மேலும் இனிப் புகார் உண்டு.

பிப்ரவரி 10, திங்கள்

மேகத்துக்குக் கீழே ஹைட்ரஜன். அதற்குக் கீழேயும் ஹைட்ரஜன். அதற்கும் கீழே என்ன என்று கேட்டால், இன்னும் நெரிபட்ட ஹைட்ரஜன். இதற்கு ஒரு பட்டப்படிப்பு.

பத்து லட்சம் மடங்குக்கு மேல் காற்றழுத்தம் ஏறினால் ஹைட்ரஜன் உலோகம் மாதிரி மின்சாரத்தைக் கடத்துமாம். அந்த உலோகக் கடல் சுழல்வதால்தான் வியாழனுக்கு அவ்வளவு பெரிய காந்தப் புலம். இதைச் சொல்லும்போது ஷைனியின் கண் கலங்குகிறது. சொந்தப் பெண்ணுக்கு வரன் முடிந்த மாதிரி.

வாக்கியங்கள் அநியாய நீளம். இரண்டாவது தாளில் சாய்கோடு அதிகம் போட வேண்டியிருந்தது. இவளுக்கு எழுதத் தெரியவில்லை.

மத்தியானம் வத்தக் குழம்பு வைத்தேன். விழுங்கும்போது இடது காதுவரை ஒரு வலி. கடைக்காரன் பழைய சுண்டைக்காயைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

பிப்ரவரி 14, வெள்ளி

டி.வி. சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. இவருக்குக் காது திடீரென்று சரியாகிவிட்டது போல. இந்த வயதிலாவது நாகரிகம் வந்ததே.

பிப்ரவரி 18, செவ்வாய்

தில்லைநகரில் காது மூக்கு தொண்டை டாக்டர் அருளாளனிடம் போனேன். ஷைனியின் நச்சரிப்பு தாங்காமல்தான். "பனி எல்லாம் போயிட்டு மேடம், உங்க தொண்டை மட்டும் சரியாகல" என்றாள். வானிலை அறிக்கையும் இவளே வாசிக்கிறாள்.

மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுத் திரையில் பார்த்தார் அருளாளன். சுவரில் அவர் மாட்டியிருந்த சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று கோணலாகத் தொங்கியது. "எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?" என்றார். மூச்சு எல்லாம் வாங்கவில்லை, எனக்கு எழுதித் தருகிறவள் மோசம் என்றேன். கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நானும் எத்தனையோ பார்த்தாயிற்று. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்கே கேட்கிற மாதிரி விளக்கம் கேட்பார்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றைய பக்கத்தில் ஒரு கருவியின் கதை. தொண்ணூற்றைந்தாம் வருஷம் வியாழனுக்குள் ஒரு கருவியைப் பாராசூட் கட்டி இறக்கினார்களாம். இறங்க இறங்க வெப்பமும் அழுத்தமும் ஏறிக்கொண்டே போக, அது பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனதாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசியதாம். பிறகு பேச்சில்லையாம்.

மேல் மேகத்தையே சரியாகத் தாண்டவில்லை, அதற்குள் வாயை மூடிக்கொண்ட கருவிக்கு ஒரு பக்கமா? முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு செய்தியையும் பாதியில் விட்டதில்லை. வயிற்றுப்போக்கோடு தேர்தல் முடிவு வாசித்திருக்கிறேன்.

மைக் சரியில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்காமல் வந்துவிட்டேன். ரஹ்மத்துல்லா மைக்கைத் தட்டிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்று அவர் சொல்லவில்லை. "ஆமாம்மா, இன்னிக்கு ஏதோ கோளாறு" என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

புற்று. குரல்வளையில். அருளாளன் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைகிற கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட வேண்டுமாம். கழுத்தில் துளை போடுவார்களாம், மூச்சு அதன் வழியாகப் போகுமாம். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார். பேச்சு?

"இப்ப இருக்குற குரல் இருக்காதும்மா. பின்னால வேற வழியில பேசப் பழகிக்கலாம். அது வேற மாதிரி இருக்கும்."

எப்போது என்று கேட்டேன். அடுத்த வாரமே என்றார். எனக்கு வேலை இருக்கிறது, மார்ச் பதினேழு என்றேன். "என்ன வேலை?" என்றார். வியாழனின் மையம் இன்னும் பாக்கி என்றேன். மருந்து வீரியத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனால் அவர் இன்னும் மருந்தே எழுதவில்லை. கோபப்பட்டார், பிறகு பதினேழுக்கு மேல் ஒருநாள்கூடத் தள்ள மாட்டேன் என்று தேதியைக் குறித்துக்கொண்டார். படித்தவர்களுக்குக் கோபம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

வரும் வழியில் ஆட்டோக்காரனிடம் கே.கே. நகர் என்று சொன்னேன். "என்னாது?" என்றான். திரும்பச் சொன்னேன். "என்னாது?" என்றான். இந்த ஊரே செவிடாகிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

ஹீலிய மழை. உலோக ஹைட்ரஜனில் ஹீலியம் கரையாத ஓர் ஆழம் உண்டாம். அங்கே அது துளித் துளியாகப் பிரிந்து உள்ளே மழையாக விழுமாம். வானத்திலிருந்து தரைக்கு விழுகிற மழை இல்லை. வானமும் இல்லை, தரையும் இல்லை. வெறும் விழுதல்.

நன்றாக எழுதியிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

இன்று என் தாளை எடுத்துப் பார்த்தாள். பென்சில் கோடுகளை விரலால் தடவினாள். முதல் தாளில் வரிக்கு இரண்டு. இந்தத் தாளில் சொல்லுக்கு ஒன்று. ஒன்றும் கேட்காமல் திருப்பி வைத்தாள். கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

மார்ச் 4, செவ்வாய்

இவர் பெரிய கடைவீதிக்குப் போய் ஒரு வெண்கல மணி வாங்கி வந்திருக்கிறார். கைப்பிடி வைத்தது. என்றைக்கும் இல்லாமல் என்ன பக்தி? "எதுக்கு?" என்றேன்.

"சும்மாதான். நல்லாக் கேக்குதுல்ல?" என்று ஆட்டிக் காட்டினார். கடையில் இருந்த மணியையெல்லாம் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, தன் காதுக்கு நன்றாகக் கேட்பதாக எடுத்தாராம். சாமிக்குக் கேட்டால் போதாதா? பூஜை அலமாரியில் வைக்காமல் என் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறார். வைக்கிற இடம்கூடத் தெரியாத மனிதர்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு பத்தியை ஏழு தடவை எடுத்தோம். எட்டாவது தடவை பாதியில் சத்தமே வரவில்லை. வாய் அசைகிறது, ரஹ்மத்துல்லாவின் பெட்டியில் ஊசி அசையவில்லை.

ஷைனி உள்ளே வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு மேடம்?"

சொன்னேன். மூடாமல், ஒரே மூச்சில், செய்தி மாதிரி இல்லாமல் சொன்னேன். அழுதாள். அழ வேண்டியவள் நான், இவள் முந்திக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்க இப்பவே போயிருங்க மேடம். மிச்சத்த வேற யாராச்சும் படிக்கட்டும். எஃப்.எம்.ல விக்கின்னு ஒருத்தர் இருக்காரு..."

"அவன் படிச்சா வியாழன்ல இருக்குற காத்தெல்லாம் வெளியில வந்துடும்" என்றேன். அதாவது சொன்னதாக நினைக்கிறேன். அவள் குனிந்து என் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, அழுகையோடு சிரித்தாள்.

மார்ச் 8, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். அதிர்ச்சியே இல்லை. "சரி" என்றார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் பையைக்கூட எடுத்து வைத்திருந்தார். என் புடவைகளில் பழையதாகப் பார்த்து மடித்திருந்தார். அதற்காகச் சண்டை போட்டேன். சண்டை போடக் குரல் போதவில்லை, புடவையைத் தூக்கிப் போட்டுக் காட்டினேன். நல்லதாக மாற்றி வைத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மையப் பகுதி மட்டும்தான் பாக்கி. கல்லூரித் தலைவர் ஒரு யோசனை சொல்லியனுப்பினார். இதுவரை பதிவான என் குரலையும் வானொலிக் காலத்து நாடாக்களையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், மிச்சத்தை அதுவே என் குரலில் படித்துவிடுமாம். பெங்களூரில் ஒரு கம்பெனி ஒரே நாளில் செய்தும் கொடுத்துவிட்டது. ஷைனிக்கு இஷ்டமில்லை. ஆனாலும் நான் ஓய்வெடுக்கட்டும் என்று கொண்டுவந்தாள்.

ரஹ்மத்துல்லா ஓடவிட்டார்.

என் குரல். நாற்பது வயது செண்பகாதேவி. கரகரப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை, ஒரு சொல் நொண்டவில்லை. "வியாழனின் மையத்தில் கனமான தனிமங்கள் கரைந்து பரவியுள்ளன" என்று படித்தாள். படித்துவிட்டு மூடினாள். குரலை இறக்கித் தரையில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அடுத்த வரி. மூடினாள். அதற்கடுத்தது. மூடினாள்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நாலாவது வரியில் எனக்கு எரிச்சல் வந்தது. என்ன திமிர்! தான் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிற குரல். வெள்ளம், கொலை, பிள்ளைகளை இழந்தவர்கள், அத்தனையையும் இப்படித்தான் மூடிவிட்டு கிரிக்கெட்டுக்குப் போனேனா? வீட்டிலும் இவரிடம் இப்படித்தான் ஒவ்வொரு பேச்சையும் மூடினேனா? அந்தப் பெண்ணைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. அவளை என்னைத் தவிர யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.

ஷைனியும் தலையை ஆட்டினாள். "அருமையா இருக்கு மேடம். ஆனா தப்பு. பழைய புத்தகத்துல மையத்துல ஒரு பாறை உருண்டை வரைஞ்சிருப்பாங்க, அப்படி இருக்கு. கிரகத்தைச் சுத்துன விண்கலம் ஈர்ப்பை அளந்து பாத்துட்டு அப்படி இல்லன்னு சொல்லிட்டு. பாறையும் பனியும் ஹைட்ரஜனோட கலந்து, பாதி தூரம்வரைக்கும் பரவிக் கிடக்கு. இதுதான் மையம்னு தொட்டுக் காட்ட ஒண்ணும் இல்ல."

ரஹ்மத்துல்லா முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க படிங்கம்மா. எப்படி வந்தாலும் நான் எடுத்துக்கிறேன்."

மார்ச் 13, வியாழன்

எடுத்தாயிற்று.

பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கோடு இல்லாத தாள். முதலில் அந்தக் கருவியின் பக்கத்தைப் படித்தேன். பேசிக்கொண்டே போனது என்ற இடத்தில் குரல் சொரசொரத்தது, திருப்பிப் படிக்காமல் விட்டுவிட்டேன். அப்படியே மையத்துக்குப் போனேன். மூச்சு எங்கே தீர்ந்ததோ அங்கே இழுத்தேன், சொல்லுக்கு நடுவில் தீர்ந்தால் நடுவில். ஆனால் எங்கேயும் குரலை இறக்கவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம் ஒவ்வொரு வரியிலும் கீழே பிடித்து இழுத்தது. கடைசி வாக்கியம் இதுதான்: "கரைந்தது எது, கரைத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த ஆழத்தில், இதுதான் அடி என்று காட்ட ஓர் இடம் இல்லாமல், இன்னும் கீழே, இன்னும்..."

அங்கே குரல் நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது.

என் வாழ்க்கையிலேயே மட்டமான வாசிப்பு. நிலையத்தில் இப்படிப் படித்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷைனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இதான் மேடம். இதேதான்" என்றாள். ரசனை கெட்டவள். அவள் தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

நாளைக்கு. மத்தியானம் இவரிடம் ஏதாவது கடைசியாகப் பேசலாம் என்று ஹாலில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? முப்பத்தெட்டு வருஷமாகத் திட்டித்தான் பழக்கம். "ரசத்துல உப்பு ஜாஸ்தி போட்டுட்டீங்க" என்றேன். ஒரே தடவையில் கேட்டது. "ஆமா, கைதவறிடுச்சு" என்றார். இதுதான் என் கடைசிச் செய்தி போலிருக்கிறது. பயமாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

மூக்கில் குழாய். கழுத்தில் துளை. கஞ்சி, இதற்குச் சாப்பாடு என்று பெயர்.

ஏப்ரல் 9, புதன்

வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. இவர் ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறார். பல்பம் உடைகிறது. பக்கத்து வீட்டு விசாலம் வந்து, "இனிமே வீடு நிம்மதியா இருக்கும்ல அண்ணா" என்று இவரிடம் சிரித்தாள். சிலேட்டில் பதில் எழுதினேன். படித்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாளாக வரவில்லை, சிலேட்டு நல்ல சாதனம்தான்.

மணியை அடித்தால் இவர் எந்த அறையில் இருந்தாலும் வந்துவிடுகிறார். சில தடவை சும்மாவே அடித்துப் பார்த்தேன்.

மே 4, ஞாயிறு

கோளரங்கத் திறப்பு. கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு கட்டிக்கொண்டு போனேன். கல்லூரித் தலைவர் என்னிடம் உரக்கப் பேசினார். குரல் போனால் காதும் போய்விட்டதாக நினைக்கிற கூட்டம். எனக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார். ஷைனி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள்.

இருட்டு. கூரை முழுக்க வியாழன். என் குரல் தொடங்கியது. அம்மோனியா மேகம், நீர் மேகம், ஒவ்வொன்றையும் பெருமையாக மூடிக்கொண்டு வந்தாள் அந்தச் செய்திவாசிப்பாளர். ஷைனி அதை மாற்றவே இல்லை. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. கீழே போகப் போகக் கதவுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. குரல் கனத்தது, சொரசொரத்தது, மூச்சு இடையில் வந்து வந்து போனது. ஹீலிய மழைக்கு வந்தபோது அரங்கத்தில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்த அத்தனை பேரும் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இவர் என் கையைப் பிடித்திருந்தார். இவருக்கு எல்லாம் கேட்டது, ஒலிபெருக்கி அவ்வளவு பெரியது.

இன்னும் கீழே, இன்னும்...

அவ்வளவுதான். இருட்டு. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கை தட்டவில்லை. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் முந்நூறு பேர் மல்லாந்து கிடந்தார்கள். ரஹ்மத்துல்லா விளக்கைப் போடவில்லை. மூடாமல் விட்டால் இதுதான் கதி என்று நான் அன்றைக்கே சொல்லவில்லையா? முட்டாள் ஜனங்கள், விட்டால் விடியும்வரை படுத்திருப்பார்கள். என் குரல் இனிமேல் இந்த இருட்டில்தான் இருக்கும் என்று தோன்றியது.

கைப்பையில் மணி இருந்தது. எங்கே போனாலும் இவர் அதைப் போட்டுவிடுகிறார். எடுத்து ஒரே ஒரு தடவை அடித்தேன்.

முந்நூறு பேரும் மூச்சு விட்டது கேட்டது. விளக்கு வந்தது, கை தட்டினார்கள். மணியும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று கல்லூரித் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஷைனி மூச்சிரைக்க வந்தாள். "மேடம், அந்த மணியையும் ரெக்கார்டு பண்ணிக் கடைசியில சேத்துரட்டுமா?"

சிலேட்டை எடுத்து எழுதினேன்: "வேண்டாம். கதவே இல்லை என்று நீதானே சொன்னாய்." அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். கழுத்துத் துளையில் இடித்துவிட்டாள், மூளையில்லாதவள்.

மே 5, திங்கள்

சாயங்காலம் இவர் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. சத்தம் இன்னும் குறைவாகவே இருக்கிறது. அடுப்படியில் நிற்கிற எனக்கே ஒரு சொல் கேட்கவில்லை. இவருக்கு எப்படிக் கேட்கும்? வாயசைவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்த டைரியைப் புரட்டினேன். சத்தம் குறைந்தது பிப்ரவரி பதினான்கு. டாக்டரிடம் நான் போனதே அதற்கப்புறம்தான்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைப் பழையபடி ஏற்றினேன். இவர் வாங்கிக் குறைத்தார். மறுபடி ஏற்றினேன். மறுபடி குறைத்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "யாருக்காக? நான்தான் இனிப் பேசப் போவதில்லையே."

"மணியடிச்சா கேக்கணும்ல" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுத்த மடையர். மணியைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கேவலமான சீரியலை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். சத்தமில்லாமல் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை.